டோனரும் அத்தியாவசிய மருந்துதான்!

1) அரசு மருத்துவமனை வார்டு ஒன்றில் பிரிண்டரில் டோனர் தீர்ந்துபோனால் என்ன ஆகும்?

"என்ன ஆகும் டாக்டர், வேற டோனர் வாங்கிப் போடுவாங்க" என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி வரைக்கும்.

கொஞ்சம் நீளமான பதிவு. அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர்களும், அரசு மருத்துவமனைக்கு வந்துபோகிறவர்களும் கடைசி வரை படியுங்கள்.

2) சில வருடங்களுக்கு முன்பு நான் பணியில் இருந்த ஒரு மருத்துவமனை. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், சர்க்கரை நோய், காலில் புண். புண் ஆறி வந்தது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். உணவுக்கு அரை மணி நேரம் முன்பு இன்சுலின்: காலையில் 10 யூனிட், இரவில் 4 யூனிட்.

சாயந்திரம் டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கப் போனால் பிரிண்டரில் வெளுத்துப்போன கோடுகள்தான் வந்தன. டோனரைக் கழற்றிக் குலுக்கிப் போட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. ஸ்டோர் பூட்டியாகிவிட்டது. பெரியவரின் ஊருக்குக் கடைசி பஸ் ஏழரை மணிக்கு.

பயிற்சி மருத்துவர் கையால் எழுதிக் கொடுத்து அனுப்பினார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

3) அந்தச் சீட்டில் இரவு டோஸ் "4U" என்று எழுதியிருந்தது. யூனிட் என்பதன் முதல் ஆங்கில எழுத்து அது. அவசரத்தில் எழுதும்போது அந்த "U"வின் வாய் மூடிக்கொண்டால் என்ன ஆகும்? பூஜ்யம்.

4 என்பது 40 ஆகிவிட்டது.

நம் ஊரில் அதிகம் பயன்படுத்தும் இன்சுலின் சிரிஞ்சில் கடைசிக் கோடு எது தெரியுமா? அதுவும் 40தான். அதனால் மருமகளுக்குச் சந்தேகமே வரவில்லை. சிரிஞ்சு நிறைய எடுத்துப் போட்டுவிட்டார்.

4) ராத்திரி பதினோரு மணிக்கு 108-ல் வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம். கண் திறந்தார். இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

"சீட்டுல நாப்பதுன்னுதானே சார் போட்டிருக்கு?" என்று அந்த மருமகள் என்னிடம் கேட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கே 40 என்றுதான் தெரிந்தது.

5) யார் தப்பு? எழுதியவர் தப்பு, சரி பார்க்காமல் கையெழுத்துப் போட்ட என் தப்பு, ஊசி அளவை வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் காட்டாமல் அனுப்பிய எங்கள் எல்லோருடைய தப்பு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. "U" என்று சுருக்கி எழுதாதே, "யூனிட்" என்று முழுதாக எழுது என்பது மருத்துவப் பாதுகாப்பில் பாலபாடம்.

ஆனால் கம்ப்யூட்டரில் இருந்த மாதிரிப் படிவத்தில் "யூனிட்" என்ற சொல் முழுதாகவே இருந்தது. பிரிண்ட் வந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

6) இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த டோனரைத் தீர்த்தது யார்?

நான்தான்.

அடுத்த வாரம் தர ஆய்வுக் குழு வருகிறது என்று, வழிகாட்டு நெறிமுறைகள், சரிபார்ப்புப் பட்டியல்கள் எல்லாவற்றையும் அன்று காலையில் அதே பிரிண்டரில் மூன்று செட் அடித்துக் கோப்பில் போட்டு வைத்திருந்தேன். தரமாக இருக்கிறோம் என்று காட்டக் கட்டுக்கட்டாய்த் தாள் இருந்தது. நோயாளிக்குக் கொடுக்க ஒரு தாள் இல்லை.

அந்த மூன்று செட்டை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது தனிக்கதை.

7) அன்றிலிருந்து பிரிண்டர் விஷயத்தில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்துவிட்டது. எங்கே போனாலும் எது பிரிண்ட் ஆகிறது, யாருக்குப் போகிறது என்று பார்ப்பேன்.

எனக்குப் புரிந்தது இதுதான்: அரசு அலுவலகத்தில் தாள் இரண்டு வகை. ஒன்று, மக்கள் கையில் போகிற தாள். இன்னொன்று, நம்முடைய கோப்புக்குள் போகிற தாள்.

"சிக்கனமாக இருங்கள்" என்று சுற்றறிக்கை வந்தால் முதலில் வெட்டுப்படுவது மக்கள் கையில் போகிற தாள். ஏன்? நோயாளி கோபித்துக்கொள்ள மாட்டார். மேலதிகாரி கோபித்துக்கொள்வார். அவ்வளவுதான் கணக்கு.

8) "அதான் எல்லாம் டிஜிட்டல் ஆகுதே, அப்புறம் எதுக்கு சார் பேப்பர்?" என்று கேட்பவர்களுக்கு.

டிஜிட்டல் வரட்டும், நானும் ஆதரிப்பவன்தான். ஆனால் எங்கள் நோயாளிகளில் பலர் வீட்டில் ஸ்மார்ட்போன் மகனிடம் இருக்கும். மகன் திருப்பூரில் இருப்பான். நள்ளிரவில் மூச்சுத் திணறி வரும் பாட்டியின் மஞ்சப்பைக்குள் இருக்கும் அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் நான் வைத்தியம் ஆரம்பிக்கிறேன். இருதயம் எவ்வளவு வேலை செய்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

எனவே என் கட்சி இது: அலுவலகத்துக்கு டிஜிட்டல், நோயாளிக்குத் தாள். நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

9) சரி, என்ன செய்யலாம்? இதற்கு வெளிநாடு போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

1994-ல் தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் நிறுவனம். அது செய்தது என்ன? இன்னின்ன மருந்துகள்தான் என்று ஒரு அத்தியாவசியப் பட்டியல். மாநிலம் முழுவதற்கும் சேர்த்துக் கொள்முதல். மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக்: உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு ஒதுக்கீடு, எடுக்க எடுக்கக் கழித்துக்கொள்.

இந்த முறையைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கற்றுக்கொண்டன.

பாராசிட்டமாலுக்கு இவ்வளவு யோசித்த நாம், டோனருக்கு ஏன் யோசிக்கவில்லை?

10) பாடம் ஒன்று: பட்டியலைச் சுருக்கு.

ஒரு மருத்துவமனைக்குள் போய் எண்ணிப் பாருங்கள். லேபில் ஒரு மாடல், ஸ்கேன் அறையில் ஒரு மாடல், காப்பீட்டுத் திட்ட அறையில் ஒரு மாடல், கண்காணிப்பாளர் அறையில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒரு கலர் பிரிண்டர். பெரும்பாலும் ஒன்றின் டோனர் இன்னொன்றில் பொருந்தாது. லேபில் இரண்டு டோனர் உபரியாகக் கிடக்கும், வார்டில் கை எழுத்து ஓடும்.

எல்லா இடத்திலும் ஒன்று அல்லது இரண்டு மாடல்தான் என்று வைத்தால் பாதிப் பிரச்சனை அன்றைக்கே முடிந்தது. பக்கத்து வார்டில் கடன் வாங்கிப் போடலாம்.

11) பாடம் இரண்டு: மாத்திரை விலையைப் பார்க்காதே, முழு வைத்தியத்தின் விலையைப் பார்.

நோயாளிக்கு மருந்து எழுதும்போது ஒரு மாத்திரை எவ்வளவு என்று மட்டுமா பார்க்கிறோம்? ஐந்து நாளைக்கு எவ்வளவு ஆகும் என்றுதானே பார்க்கிறோம். பிரிண்டரும் அப்படித்தான். மெஷின் விலை குறைவாக இருக்கும், மை விலை கழுத்தை நெரிக்கும். வாங்கும்போதே "ஒரு பக்கத்துக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டு, அதையும் சேர்த்து ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

12) இங்கே ஒரு சூட்சுமம். டோனர் பெட்டியில் "1,500 பக்கம்" என்று போட்டிருந்தால் நம் பக்கம் 1,500 என்று அர்த்தமில்லை. கறுப்பு டோனருக்கான சர்வதேச அளவுகோலில், தாளில் சுமார் 5 சதவீத இடத்தில் மட்டும் மை படுகிற பக்கத்தை வைத்துத்தான் கணக்கு. ஒரு சின்னக் கடிதம் அளவுக்கு.

நம் டிஸ்சார்ஜ் சம்மரியில் தலைப்பில் பெரிய முத்திரை, கறுப்புப் பட்டை, கட்டம் கட்டமாய் அட்டவணை. 10 சதவீதம் மை பட்டால் 1,500 என்பது ஏறத்தாழ 750 ஆகிவிடும். "டோனர் சீக்கிரம் தீருது, யாரோ எடுத்துட்டுப் போறாங்க" என்று ஓ.ஏ.வைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் படிவத்தைப் பாருங்கள்.

புது மெஷினோடு வரும் முதல் டோனர் பல மாடல்களில் அரைகுறையாக நிரப்பியதாகவே இருக்கும். முதல் இன்டென்ட்டை அன்றைக்கே போட்டுவிடுவது நல்லது.

13) பாடம் மூன்று: இரண்டு பக்கமும் அடி. ஆனால் எது மிச்சம் என்று புரிந்துகொண்டு அடி.

ஒரு உதாரணக் கணக்கு. தினம் 60 பேரை டிஸ்சார்ஜ் செய்கிற மருத்துவமனை, ஆளுக்கு 4 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் 240 தாள். இரண்டு பக்கமும் அடித்தால் 120. வருடத்துக்கு 43,800 தாள் மிச்சம். கிட்டத்தட்ட 88 ரீம்.

ஆனால் டோனர்? ஒரு துளிகூட மிச்சமாகாது. அடிக்கிற பக்கம் அதே 4தானே. டோனர் மிச்சமாக வேண்டும் என்றால் பக்கத்தையே குறைக்க வேண்டும். நான்கு பக்க சம்மரியில் மூன்று பக்கம் தேவையில்லாத லேப் ரிசல்ட்டாக இருக்கிறது என்பது எழுதுகிற நமக்கே தெரியும். நோய் என்ன, செய்தது என்ன, மருந்து என்ன, எப்போது திரும்ப வர வேண்டும், என்ன ஆனால் உடனே ஓடிவர வேண்டும். முன்னும் பின்னுமாக ஒரே தாளில் முடியும்.

14) பாடம் நான்கு: பாஸ்புக் வை.

வார்டுக்கு ஒரு பிரிண்டர், பிரிண்டருக்கு ஒரு பக்கம், அதில் டோனர் மாற்றிய தேதி. இவ்வளவுதான். பல பிரிண்டர்களில் இதுவரை எத்தனை பக்கம் அடித்தது என்ற கணக்கை மெஷினே சொல்லும். மாதம் ஒரு முறை குறித்து வைத்தால் எந்த அறையில் தாள் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

முக்கியமானது: கையிருப்பு ஒன்றுக்கு வந்தவுடன் இன்டென்ட். தீர்ந்த பிறகு அல்ல. அட்ரினலின் ஊசி தீர்ந்த பிறகா சிஸ்டர் இன்டென்ட் போடுகிறார்? எமர்ஜென்சி டிரேயில் எப்போதும் ஒன்று இருக்கிறதல்லவா? அதே மாதிரி, ஸ்டோர் பூட்டிய பிறகும் கைக்கு எட்டும்படி டியூட்டி சிஸ்டரின் பீரோவில் ஒரு டோனர் இருக்க வேண்டும்.

அன்று ராத்திரி அந்தப் பெரியவருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு டோனர்தான்.

15) இனி, கோப்புக்குள் போகிற தாள். இங்கேதான் உண்மையான வெட்டு விழ வேண்டும்.

மின்னஞ்சலில் வந்த சுற்றறிக்கையை பிரிண்ட் எடுத்து, "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து, மறுபடி மின்னஞ்சலில் அனுப்புகிறோம். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். ஆன்லைனில் ஏற்றிய மாத அறிக்கையை "எதுக்கும் இருக்கட்டும்" என்று மூன்று நகல் எடுத்து வைக்கிறோம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மின்னணு ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்து இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. நம் பயத்துக்குத்தான் இன்னும் அங்கீகாரம் தேவைப்படுகிறது. அலுவலர்களைக் குறை சொல்லவில்லை. தணிக்கையில் "நகல் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். எனவே "இந்த அறிக்கைக்குத் தாள் நகல் தேவையில்லை" என்று எழுத்தில் கொடுக்க வேண்டியது மேலே இருப்பவர்கள்.

16) "அறைக்கு அறை பிரிண்டர் வேண்டாம், மாடிக்கு ஒன்று போதும்" என்றும் ஒரு யோசனை சொல்வார்கள். அலுவலகப் பகுதிக்குச் சரி. பத்து சின்ன மெஷினைவிட ஒரு பெரிய மெஷினில் பக்கச் செலவு பொதுவாகக் குறைவு. நாலடி நடந்து போய் எடுக்க வேண்டும் என்றாலே பாதிப் பேர் பிரிண்ட் கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் வார்டிலும் லேபிலும் அப்படியே செய்துவிடக் கூடாது. பொது நடையில் இருக்கிற மெஷினில் ஒருவருடைய ஹெச்.ஐ.வி. ரிப்போர்ட் வந்து விழுந்து கிடந்தால்? அந்தத் தகவலை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டு ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டமே சொல்கிறது. பொது மெஷின் என்றால், கொடுத்தவர் நேரில் வந்து ரகசிய எண்ணைத் தட்டினால்தான் தாள் வெளியே வரும்படி வைக்க வேண்டும். இந்த வசதி பல அலுவலக மெஷின்களில் ஏற்கனவே இருக்கிறது. யாரும் போட்டு விடுவதில்லை. இதில் இன்னொரு லாபம், கொடுத்துவிட்டு மறந்துபோன பிரிண்ட்டுகள் அடிபடாமலே போய்விடும்.

17) பொதுமக்களுக்கு இரண்டு விஷயம்.

இ.சி.ஜி., சில மெஷின்களின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இதெல்லாம் பளபளப்பான தாளில் வருகிறதா? அதில் மை கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் தாள் அது. நாளாக நாளாக எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய வாரத்திலேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதையும் சேர்த்து வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். இப்படிக் கறுத்துப்போன இ.சி.ஜி.யோடு கண் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உள்நோயாளியாக இருந்தவர் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவர் நெறிமுறை விதி. தயங்காமல் கேளுங்கள். கையில் வாங்கிய சீட்டு புரியவில்லை என்றால், "இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்று டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

18) "டாக்டர், மருத்துவமனையில் எவ்வளவோ பிரச்சனை இருக்கு, நீங்க பிரிண்டரைப் பிடிச்சுத் தொங்குறீங்களே" என்று சிலர் கேட்கலாம்.

நியாயம்தான். ஆள் பற்றாக்குறை இருக்கிறது, படுக்கைப் பற்றாக்குறை இருக்கிறது. அதையெல்லாம் சரி செய்யப் பெரிய பணமும் பெரிய முடிவும் வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு நோட்டும், பீரோவில் ஒரு டோனரும், பாதியாகச் சுருக்கிய ஒரு படிவமும். நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம். முடியக்கூடியதைச் செய்யாமல் விட்டுத்தான் ஒரு மனிதரை 108-ல் திரும்ப வர வைத்தோம்.

19) சுருக்கமாக:

- மாடலைக் குறை.
- வாங்கும்போது பக்கச் செலவைக் கேள்.
- படிவத்தைச் சுருக்கு, இரண்டு பக்கமும் அடி.
- பக்கக் கணக்கு எழுது, தீருமுன் இன்டென்ட் போடு.
- வெட்டுவதாக இருந்தால் கோப்புத் தாளை வெட்டு. நோயாளியின் தாளைத் தொடாதே.

20) அந்தப் பெரியவர் அதன் பிறகும் மாதா மாதம் வருவார். மஞ்சப்பையிலிருந்து எல்லாத் தாளையும் எடுத்து வரிசையாக என் மேஜையில் அடுக்குவார். அந்தக் கையெழுத்துச் சீட்டும் அதில் இருக்கும்.

"இதைத் தூக்கிப் போட்டுருங்கய்யா" என்று ஒரு தடவை சொன்னேன்.

"ஆஸ்பத்திரி சீட்டு சார், எப்படிப் போடுறது?" என்றார்.

நாம் கொடுக்கிற தாளை அவர்கள் அவ்வளவு நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த தாளாகக் கொடுப்போம்.

உங்கள் அலுவலகத்தில் தேவையே இல்லாமல் தினம் பிரிண்ட் ஆகும் தாள் எது? கமெண்ட்டில் சொல்லுங்கள். படித்ததும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடாதீர்கள், பகிர்ந்தால் போதும்.